அவர்கள் ஏன் நம் பிள்ளைகளுக்குச் செலவழிக்கிறார்கள்?



நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

வெளிநாட்டு அரசாங்கங்களின் புலமைப்பரிசில் அறிவித்தல்களை வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் போடுவது எங்கள் ஆசிரியர்கள் சிலரின் வழக்கம். இந்தியா, ஜப்பான், துருக்கி, சீனா, அமெரிக்கா என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வரும். போட்டால் மூன்று வகையான பதில் கிடைக்கும். "இதெல்லாம் கொழும்புப் புள்ளைகளுக்கு" என்பது ஒன்று. "பொம்புளப் புள்ளய எப்புடி அனுப்புற?" என்பது இரண்டாவது. மூன்றாவதை வாப்பாமார் நேரில் கேட்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு: "சும்மா தருவாங்களா சேர்? உள்ளுக்கு என்னமோ இரிக்கி."

அந்த மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்பவரைப் படிக்காதவர் என்று சிரிக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வாப்பா சொல்வதுதான் சரி. எந்த அரசாங்கமும் சும்மா கொடுத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு என்ன, போனவர்கள் அதற்குள் அடங்கினார்களா என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நம் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம்.

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு வீசின. நான்கு நாட்களுக்கு முன் கொழும்பைத் தாக்கியிருந்தார்கள். அதே நாள் 'ஹேர்மஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. சீனன்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மீதே வந்து மோதியது. மிஞ்சிய 99 குதங்களை வைத்து இன்றுவரை அரசியல் நடக்கிறது, அது வேறு கதை. அந்தக் காலத்தில் சனங்கள் பட்டணத்தை விட்டு ஓடியதை நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இப்போது 12 வருடம் தள்ளிப் பாருங்கள். 1954 இல் அதே ஜப்பான், வெளிநாட்டு மாணவர்களுக்கான தன் அரசாங்கப் புலமைப்பரிசிலைத் தொடங்குகிறது. அதே வருடம் கொழும்புத் திட்டத்திலும் சேர்கிறது. குண்டு போட்ட கை, படிக்க வாருங்கள் என்று கூப்பிடுகிறது! ஏன்? தோற்ற நாடு, அயலவர் முகத்தில் விழிக்க வேண்டிய நாடு. ஆசியாவில் மறுபடி சந்தையும் நட்பும் மரியாதையும் தேவைப்பட்ட நாடு. இதற்கிடையில் 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே.ஆர். ஜயவர்தன, இலங்கை ஜப்பானிடம் யுத்த நட்டஈடு கேட்காது என்று அறிவித்திருந்தார். ஜப்பானியர் அதை இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் துறைமுகத்தில் விழுந்த குண்டுக்கு நாம் காசு கேட்கவில்லை. பின்னாளில் அவர்கள் அனுப்பியவற்றில் வகுப்பறைக் கதிரைகளும் இருந்தன.

அமெரிக்காவின் கதை இன்னும் விசித்திரமானது. உலக யுத்தம் முடிந்தபோது அமெரிக்கப் படைகளின் லொறிகள், கூடாரங்கள், இயந்திரங்கள், உணவுப் பெட்டிகள் பல நாடுகளில் மலைபோல் குவிந்து கிடந்தன. திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் கப்பல் செலவு கட்டாது. அங்கேயே விற்கலாம் என்றால் வாங்குகிற நாடுகளிடம் டொலர் இல்லை. தங்கள் சொந்தக் காசில்தான் தர முடியும், அந்தக் காசு அமெரிக்காவில் செல்லாது. இந்தச் சிக்கலுக்குள் ஒரு வழியைக் கண்டவர் ஆர்கன்சோ மாநிலத்தின் செனட்டர் ஜே. வில்லியம் புல்பிரைட். இளம் வயதில் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட்டில் படித்துவிட்டு வந்தவர். விற்ற காசு அந்தந்த நாட்டிலேயே கிடக்கட்டும், அங்கே படிக்கவும் படிப்பிக்கவும் வரும் அமெரிக்கர்களின் செலவுக்கும் அங்கிருந்து அமெரிக்கா போகிறவர்களின் பயணத்துக்கும் அதை எடுப்போம் என்றார். 1946 ஆகஸ்ட் 1 இல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். பழைய இரும்பு விற்ற காசில் பிறந்ததுதான் உலகத்தின் பேர்பெற்ற புலமைப்பரிசில்.

இலங்கையோடு அதற்கான ஒப்பந்தம் 1952 நவம்பரில் ஆனது. இன்றும் கொழும்பில் அதன் அலுவலகம் இருக்கிற தெருவின் பெயர் அப்துல் கபூர் மாவத்தை. நம் சமூகத்து இரத்தின வியாபாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய தெருவில் அந்தப் படிவங்கள் இருக்க, நம் பிள்ளைகள் அது வேறு ஆட்களுக்கானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கணக்கு? அதை அவர்கள் மறைக்கவே இல்லை. அமெரிக்காவைப் பற்றி நல்ல விதமாகப் பேசக்கூடிய ஆட்கள் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்பது ஒன்று, தங்கள் ஆட்களும் உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. அரசாங்கம் தருவது என்பதால் அரசாங்கத்தின் மனநிலை மாறினால் இதுவும் ஆடும். 2025 ஜூனில் புல்பிரைட் திட்டத்தை மேற்பார்வை செய்யும் 12 பேர் கொண்ட சபையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் பதவி விலகினார்கள். தாங்கள் தெரிவு செய்தவர்களை அரசாங்கம் தலையிட்டு நிறுத்துகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆகவே ஒரே நாட்டை நம்பிப் பிள்ளையின் முழு எதிர்காலத்தையும் கட்டக்கூடாது.

கொழும்புத் திட்டம் நம் நாட்டுத் தலைநகரின் பெயரையே கொண்டது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் சீனாவில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்திருந்தார்கள். ஆசியாவின் பட்டினி எல்லா நாடுகளையும் அந்தப் பக்கம் தள்ளிவிடும் என்ற பயம் அந்த மண்டபத்தில் இருந்தது. 1951 ஜூலை 1 இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஆயிரக்கணக்கான ஆசிய மாணவர்கள் அவுஸ்திரேலியா போனார்கள். அப்போது அவுஸ்திரேலியாவில் 'வெள்ளையர்கள் மட்டும்' என்ற குடிவரவுக் கொள்கை. குடியேறக் கூடாது, படிக்க மட்டும் வரலாம். ஆனால் வந்த பிள்ளைகள் அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில் தங்கினார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அயல்வீட்டுக்காரருக்கு ஆசியன் என்றால் யார் என்று கண்ணால் தெரிந்தது. 1973 இல் அந்தக் கொள்கையின் கடைசி மிச்சமும் போனதற்கு இந்த மாணவர்களும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கம்யூனிசத்தைத் தடுக்கக் கூப்பிட்ட பிள்ளைகள், கூப்பிட்ட நாட்டின் சட்டத்தையே கரைத்தார்கள்.

மறுபக்கம் சோவியத் ஒன்றியம் சும்மா இருக்குமா? 1960 இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். அடுத்த வருடம் கொங்கோவில் கொல்லப்பட்ட பற்றிஸ் லுமும்பாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. இலங்கையிலிருந்து அங்கே மருத்துவம் படிக்கப் போனவர்களில் ஒருவர் ரோஹண விஜேவீர. சீனா, சோவியத் பிளவில் அவர் சீனாவின் பக்கம் சாய்ந்தார். 1964 இல் விடுமுறைக்கு ஊர் வந்தவருக்குத் திரும்பிப் போக விசா கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அவர் தொடங்கிய இயக்கம்தான் ஜே.வி.பி. மொஸ்கோ ஒரு டொக்டரைத் தயாரிக்கக் காசு செலவழித்தது. அதிலிருந்து வந்தது 1971 கிளர்ச்சி. காசு கொடுப்பவன் போடும் கணக்கு இப்படியும் பிழைக்கும்.

இன்னும் பின்னால் போனால் பிரித்தானிய ஆட்சி. அவர்கள் வருடத்துக்கு ஒருவருக்கு என்கிற அளவில் இங்கிலாந்தில் படிக்கப் புலமைப்பரிசில் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தங்களைப் போலவே யோசிக்கிற சில உள்ளூர் உத்தியோகத்தர்கள். 1870 இல் அதை வென்ற பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். திரும்பி வந்து சிவில் சேவையிலும் சேர்ந்தார். கணக்கு சரியாகத்தான் போனது. ஆனால் அந்த மனுசன் 1906 இல் என்ன செய்தார் தெரியுமா? இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்கச் சங்கம் அமைத்தார். வருடத்துக்கு ஒருத்தனைக் கப்பலேற்றுவது போதாது, எல்லாருக்கும் இங்கேயே வேண்டும் என்றார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1942 இல் பல்கலைக்கழகம் வந்தது. இன்று நம் பிள்ளைகள் நிலாவெளி வளாகத்துக்கும் ஒலுவிலுக்கும் பஸ் ஏறிப் போகிற பாதை அங்கிருந்து தொடங்குகிறது.

நம் சமூகத்தின் பக்கம் வருவோம். 'போனால் பிள்ளை கெட்டுப்போகும்' என்ற பயம் புதிதல்ல. 1826 இல் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலி பாஷா நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களை அரச செலவில் பாரிசுக்கு அனுப்பினார். அவருக்கு வேண்டியது படைக்கும் தொழிற்சாலைக்கும் ஆட்கள். மாணவர்களின் தொழுகையைக் கவனிக்க இமாம் ஒருவரையும் கூட அனுப்பினார். அல்அஸ்ஹரில் படித்த 25 வயது ரிபாஆ அத்தஹ்தாவி. காவலுக்குப் போனவர் தானே பிரெஞ்சு படிக்கத் தொடங்கினார். 1831 இல் திரும்பி வந்து, 1835 இல் மொழிகளுக்கான கல்லூரி ஒன்றை உருவாக்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் ஏராளமான நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய தொழுகையும் போகவில்லை, ஊரும் போகவில்லை.

அதே எகிப்தின் இன்னொரு மனிதர் நம் நாட்டுக்கு வந்தது புலமைப்பரிசிலில் அல்ல, தண்டனையில். ஒறாபி பாஷா 1883 இல் நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்தார். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று நம் முன்னோர் மிஷன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் இருந்த காலம். சித்தி லெப்பையின் முயற்சிக்கு ஒறாபி தோள் கொடுத்தார். 1892 இல் மருதானையில் எழுந்த பாடசாலைதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி.

இந்த வரிசையில் நம் கிழக்குக்கு மிக நெருக்கமானவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு மண்டபத்தின் பெயராக மட்டும் தெரிகிறது.

1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றில் சிறப்புப் பட்டம். அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென் கத்தரின் கல்லூரிக்குப் போனார். அங்கே இருக்கும்போதே இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி, படிப்பை முடிக்காமல் திரும்பினார். 1935 இல் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர்தான். ஆட்சியாளரின் கணக்கில் இவரும் சரியான விளைச்சல்.

பிறகு யுத்தம் வருகிறது. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோகிறது. நாடு பசியில். கிழக்கில் நெல் விளைவித்தே ஆக வேண்டும். 1942 ஏப்ரலில், அதாவது நம் துறைமுகத்தில் குண்டு விழுந்த அதே மாதம், கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்றைத் திறந்து அஸீஸை உதவி அரசாங்க அதிபராக அனுப்புகிறார்கள். நெல்லுக்காக வந்த உத்தியோகத்தர். வந்த இடத்தில் வயலையும் பார்த்தார், வயலில் நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். தலையில் மூளை இருக்கிறது, கையில் புத்தகம் இல்லை. அதே வருடம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த நாட்களில் அவருக்கு நெருங்கிய நண்பரானவர் சுவாமி விபுலாநந்தர். நம் திருகோணமலை இந்துக் கல்லூரிக்காகவும் உழைத்த காரைதீவு விபுலாநந்தர்தான். ஒரு முஸ்லிம் கச்சேரிக்காரரும் ஒரு துறவியும் உட்கார்ந்து கிழக்கின் கல்வி பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பதை, இன்று ஊருக்கு ஊர் வேலி போடுகிற நாம் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1945 இல் அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். காசில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் உயர்படிப்பு நிற்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அரசாங்கம் ஒருவருக்குக் கொடுத்தது. அவர் அதை ஒரு சமூகத்துக்கான நிதியாக மாற்றினார். 1948 இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபரானார், 1961 வரை இருந்தார். சிவில் சேவை என்றால் அந்தக் காலத்தில் நாட்டின் உச்சி. அதிலிருந்து ஒருவர் பாடசாலை அதிபராக இறங்கி வருவதை நம் வீடுகளில் யாராவது சம்மதிப்பார்களா? ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த இடம் வரும்போது ஒரு சின்ன மிதப்பு வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் மாவட்டத்துக்கு என்ன நடந்தது?

தூரம் ஒரு காரணம். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து பட்டணம் போகத் துறையடியில் பாதைக்குக் காத்திருந்தோம். மாலையானால் பாதை இல்லை. கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சை என்றால் முதல் நாளே புறப்பட வேண்டும். யுத்தம் இன்னொரு காரணம், பெரிய காரணம். 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடியபோது யாரும் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அதற்கு முன் சுனாமி கொண்டுபோனது வேறு. புலமைப்பரிசில் படிவம் கேட்பது முதலில் இந்தத் தாள்களைத்தான். திறமை அதற்குப் பிறகு.

மூன்றாவது காரணம் மொழி. அறிவித்தல் ஆங்கிலத்தில் வருகிறது, உயர்கல்வி அமைச்சின் தளத்திலோ தூதரகத்தின் தளத்திலோ இரண்டு மூன்று வாரம் கிடக்கிறது, மூடிவிடுகிறது. நாம் பார்க்கும்போது திகதி முடிந்திருக்கும். கொழும்புப் பிள்ளைகளுக்குத்தான் என்ற முதல் பதிலின் உண்மை இவ்வளவுதான். எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை. செய்தி பிந்தி வருகிறது, தாள் தயாராக இல்லை.

பெண் பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில் இல்லை. அது ஒவ்வொரு வீட்டின் தீர்மானம். ஆனால் எங்கள் உயர்தர வகுப்புகளில் முன் வரிசையில் இருப்பவர்கள் அவர்கள்தான் என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். எங்கே தங்குவார், யார் பொறுப்பு, இன்னும் யார் போகிறார்கள் என்று தூதரகத்திடமே கேட்கலாம். கேட்டால் எழுத்தில் பதில் தருவார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் வாப்பாவோடு எங்களுக்குச் சண்டையில்லை. கேட்காமலே சொல்பவரோடு கொஞ்சம் இருக்கிறது.

'உள்ளுக்கு என்னமோ' என்பது பெரும்பாலும் நிபந்தனைகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். புல்பிரைட்டில் போனவர் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்தால்தான் அமெரிக்காவின் வேலை விசாவையோ குடியேற்ற விசாவையோ கேட்கலாம். பிரித்தானியாவின் செவனிங்கும் திரும்பி வந்து இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறது, போவதற்கு முன் இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்கிறது. அரச சேவையில் உள்ளவர் சம்பளத்தோடு கற்கை விடுமுறை எடுத்தால் நம் அரசாங்கத்துக்கே பிணை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் பிணை நின்றவர்களின் கழுத்துக்கு வரும். இந்தியா தருபவற்றில் மௌலானா ஆசாத் பெயரில் முதுநிலைப் படிப்புக்கு ஒன்று இருக்கிறது. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையை 1950 இல் தொடங்கியவரே அந்த ஆசாத்தான். ஜப்பானின் திட்டத்தில் சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஐந்து வருட சேவை வேண்டும், வயது 35க்குள் இருக்க வேண்டும். எங்களில் சிலருக்கு அந்த வாசல் மூடிவிட்டது. இளம் ஆசிரியர்களே, உங்களுக்குத் திறந்திருக்கிறது.

இந்த அரசாங்கப் புலமைப்பரிசில்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. 'எடுத்துத் தாறோம்' என்று யாராவது காசு கேட்டால் அவர் எந்த அரசாங்கத்தின் ஆளும் அல்ல. கதவைச் சாத்துங்கள்.

தரம் 12இல் பிள்ளை இருக்கிற வீடுகள் இந்த மாதமே செய்யக்கூடியவை: பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு, சாதாரண தரப் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதி. மூன்று தாள்களிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'முஹம்மது', 'மொஹமட்', 'எம்.' என்று மூன்று விதமாக இருந்தால் திருத்த மாதக்கணக்கு ஆகும். இங்கே விண்ணப்பங்கள் நின்றுபோகிற இடம் பல வேளைகளில் இதுதான்.

கடைசியாக ஓர் உதவி. கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை, கந்தளாய், பட்டணம் என்று நம் மாவட்டத்திலிருந்து கொழும்புத் திட்டத்திலோ மொஸ்கோவுக்கோ கெய்ரோவுக்கோ மதீனாவுக்கோ இந்தியாவுக்கோ அரசாங்கச் செலவில் படிக்கப் போய்வந்தவர்களின் பட்டியல் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்த இனத்தவர் என்றாலும் சரி. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மூத்தவர் இருந்தால் அவரிடமோ வீட்டாரிடமோ கேட்டுக்கொண்டு, போன வருடம், நாடு, படித்த துறை, திரும்பி வந்து பார்த்த வேலை ஆகிய நான்கையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். கப்பல் டிக்கெட்டோ பழைய படமோ அலுமாரியில் இருந்தால் போனில் ஒரு படம் எடுத்தால் போதும், அசலை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.